தமிழ்ப் பக்கத்தில் சாய்வெழுத்து: எங்கே இடுவது, எங்கே தவிர்ப்பது

கொழும்பில் ஒரு விழா மலரோ ஆய்விதழோ நூலோ தமிழில் அச்சுக்குப் போகும்போது, பெரும்பாலும் அதே கோப்பில் ஆங்கிலமும், பல வேளைகளில் சிங்களமும் சேர்ந்தே போகின்றன. வாழ்த்துச் செய்திகள் மும்மொழியிலும் வரும். ஒரு கட்டுரையாளர் ஆங்கில நூல்களை அடிக்குறிப்பில் தந்திருப்பார். இன்னொருவர் தாம் முக்கியமெனக் கருதிய வரிகளையெல்லாம் கணினியில் சாய்த்து அனுப்பியிருப்பார். பக்கம் வடிவமைப்பவர் இவை அனைத்துக்கும் ஒரே விதியைப் பயன்படுத்தினால், ஆங்கிலப் பகுதி ஒழுங்காகவும் தமிழ்ப் பகுதி கலங்கலாகவும் அமைந்துவிடும். ஆங்கிலத்தில் சாய்வெழுத்துக்கு நீண்ட வழக்கு உண்டு. அதைக் கண்டவுடன் வாசகர் பொருள் உணர்ந்துகொள்வார். தமிழில் சாய்வு அப்படி எதையும் சொல்வதில்லை. ஆகவே ஒரு சொல்லைச் சாய்ப்பதா வேண்டாமா என்று கேட்பதற்கு முன்னர், அச்சொல்லைப் பற்றி வாசகருக்கு எதை உணர்த்த வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொண்டு, அதன் பின்னர் அந்தந்த மொழிக்குரிய வழியைத் தெரிவு செய்வதே முறை. மலர்க்குழுக்களிலும் ஆய்விதழ்களிலும் ஒப்புநோக்குநராகப் பணிபுரிவோருக்கு இக்குறிப்புகள் பயன்படும்.

சாய்வெழுத்து எதை உணர்த்துகிறது

இலத்தீன் எழுத்தின் முதலாவது சாய்வு அச்செழுத்தை வெனிஸ் நகரின் பதிப்பாளர் ஆல்டுஸ் மனூஷியஸுக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ செதுக்கினார். அவ்வெழுத்தில் முழுமையாக அச்சான முதல் நூல், உரோமக் கவிஞர் வேர்ஜிலின் கவிதைகள், 1501 இல் வெளிவந்தது. அன்றைய கற்றோர் விரைந்தெழுதிய கையெழுத்தின் சாயலே அச்செழுத்தின் அடிப்படை. அழுத்தம் தருவதற்காக அது தோன்றவில்லை. முழு நூலையும் அதிலேயே கோத்தார்கள், அதுவும் பேரெழுத்துகளைச் சாய்க்காமல் நேராகவே நிறுத்தி. நேரெழுத்தில் அமைந்த பக்கத்துக்குள் ஒரு சொல்லை மட்டும் தனித்துக் காட்டும் துணையெழுத்தாக அது மாறியது பின்னர்தான்.

இதிலிருந்து ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். சாய்வுக்குத் தன்னளவில் பொருள் கிடையாது. வழக்கே அதற்குப் பொருள் தருகிறது. ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில விவிலியத்தின் பிற்காலப் பதிப்புகளில், எபிரேய, கிரேக்க மூலங்களில் இல்லாமல் மொழிபெயர்ப்பாளர் வாக்கியம் நிறைவு பெறுவதற்காகச் சேர்த்த சொற்கள் சாய்வெழுத்தில் அச்சாகியுள்ளன. அங்கே சாய்வின் பொருள் ‘இது மூலத்தில் இல்லை’ என்பதாகும். இன்றைய வாசகர் அதே சாய்வை ‘இதை அழுத்திப் படி’ என்று எடுத்துக்கொண்டால், மூலத்திலேயே இல்லாத சொல்லுக்கு அழுத்தம் விழுந்து பொருள் தலைகீழாகிவிடும்.

ஆங்கிலப் பகுதியில் இன்று நிலைத்துள்ள பயன்பாடுகள் இவை. நூல், பத்திரிகை, சஞ்சிகை, திரைப்படம் ஆகியவற்றின் பெயர்கள் சாய்வெழுத்தில் வரும். அவற்றுள் அடங்கிய கட்டுரை, சிறுகதை, சிறு கவிதை ஆகியவற்றின் தலைப்புகள் நேரெழுத்தில் மேற்கோட்குறிக்குள் வரும். கப்பலின் பெயர் சாயும். அதற்கு முன்னால் வரும் சுருக்க எழுத்துகள் சாயமாட்டா. புதுக்கடை நீதிமன்ற வட்டாரத்தில் புழங்கும் ஆங்கிலச் சட்ட எழுத்துகளில் வழக்கின் பெயர் சாய்வெழுத்தில் இருக்கும். அறிக்கைத் தொகுதியின் எண்ணும் பக்கமும் நேராக நிற்கும். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லின் மீது குரல் அழுந்த வேண்டுமாயின் அச்சொல் மட்டும் சாயும்.

அறிவியற் பெயர்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் பிழைகள் மலிகின்றன. உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த எவருக்கும், பேரினப் பெயருக்கும் இனப் பெயருக்கும் கையெழுத்தில் தனித்தனியே அடிக்கோடிடும்படி ஆசிரியர் வற்புறுத்தியது நினைவிருக்கும். கைப்பிரதியில் அடிக்கோடு இட்டால் ‘இதைச் சாய்வெழுத்தில் கோக்கவும்’ என்று அச்சுக்கோப்பாளருக்குச் சொல்வதாகப் பொருள். நெளிகோடு இட்டால் தடித்த எழுத்து என்று பொருள். கையெழுத்தில் சாய்வைக் காட்ட இயலாததால் அடிக்கோடு அதன் பதிலியாக நின்றது. அச்சில் சாய்வெழுத்தே கிடைக்கும்போது அடிக்கோடும் சேர்த்து இடுவது ஒரே கட்டளையை இரண்டு முறை சொல்வதாகும். தேயிலையின் அறிவியற் பெயராகிய கமேலியா சைனென்சிஸ் இலத்தீன் எழுத்தில் வரும்போது இரு சொற்களும் சாய வேண்டும். முதற் சொல் பேரெழுத்திலும் இரண்டாவது சொல் சிற்றெழுத்திலும் தொடங்க வேண்டும். அதன் பின்னால் பெயரிட்டவரைக் குறிக்கும் எழுத்தோ பெயரோ வந்தால் அது நேராக நிற்க வேண்டும். குடும்பத்தின் பெயரைத் தாவரவியலார் சிலர் சாய்ப்பதுண்டு, விலங்கியலார் பொதுவாகச் சாய்ப்பதில்லை. ஆகவே ஓர் இதழுக்குள் ஒரே முறையைக் கடைப்பிடித்தால் போதும்.

கணிதத்திலும் பௌதிகத்திலும் சாய்வு பொருள் வேறுபாட்டையே தாங்கி நிற்கிறது. ஆங்கிலச் சிற்றெழுத்து ‘எம்’ சாய்ந்திருந்தால் திணிவு. நேராக இருந்தால் மீற்றர். ‘ஜி’ சாய்ந்திருந்தால் புவியீர்ப்பு ஆர்முடுகல். நேராக இருந்தால் கிராம். மாறிகளும் பௌதிகக் கணியங்களும் சாயும். அலகுகள் நேராக நிற்கும். சைன், கொசைன், மடக்கை போன்ற சார்புகளின் சுருக்கங்களும் நேராகவே நிற்கும். தமிழ்மூல வினாத்தாளாயினும் பயிற்சிப் புத்தகமாயினும் இக்குறியீடுகள் இலத்தீன் எழுத்திலேயே இருப்பதால் விதி அப்படியே செல்லும். தமிழ் வாக்கியத்தின் நடுவே வருகிறது என்பதற்காக அவற்றை நிமிர்த்திவிடக் கூடாது.

தமிழ் எழுத்தைச் சாய்க்கும்போது நிகழ்வது

இலத்தீன் சாய்வெழுத்து என்பது நேரெழுத்தைத் தள்ளிச் சரித்தது அன்று, வடிவமே வேறு. ஆங்கிலத்தின் முதற் சிற்றெழுத்து நேரெழுத்தில் மேலே ஒரு வளைவும் கீழே ஒரு வயிறுமாக இரண்டடுக்கில் இருக்கும். சாய்வில் ஒரே வயிறும் ஒரு காலுமாக மாறும். ‘எஃப்’ என்னும் எழுத்தின் கால் சாய்வில் வரிக்குக் கீழே இறங்கும். எழுத்துகள் சற்றே ஒடுங்கும். இவ்வாறு தனியாக வரையப்பட்டதனால்தான் அது பக்கத்தில் வேறொரு குரலாக ஒலித்தாலும் வாசிப்புக்குத் தடையாக இருப்பதில்லை.

பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அப்படி வரையப்பட்ட சாய்வு வடிவம் கிடையாது. கணினியில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால், மென்பொருள் நேரெழுத்தையே வலப்புறமாகச் சரித்துக் காட்டுகிறது. இணையப் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் விதிப்படி இதன் இயல்பான கோணம் 14 பாகை. 9 புள்ளி அளவில் அமைந்த ஓர் அடிக்குறிப்பை இவ்வாறு சரித்து அச்செடுத்து உற்று நோக்கினால் குறைகள் தெரியும். க, ட, ப, ம ஆகியவற்றின் நிமிர்ந்த கோடுகள் சரிந்து, வட்டமான எழுத்துகளோடு ஒட்டாமல் நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளி, தன் எழுத்தின் உச்சியை விட்டு வலப்புறம் நகர்ந்து, அடுத்த எழுத்தின் எல்லையை நெருங்கும். இகர, ஈகாரக் குறிகள் அடுத்த எழுத்தின் மேல் கவியும். இவை அனைத்திலும் மோசமானது ரகரத்தின் நிலை. கால் (ா) என்னும் துணையெழுத்தையும் ரகரத்தையும் பல எழுத்துருக்களில் பிரித்துக் காட்டுவது அடியில் உள்ள சிறு சரிகோடு ஒன்றே. ஏட்டுச் சுவடிகளில் இவ்விரண்டும் வேறுபாடின்றி எழுதப்பட்டமையால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டைச் சுவடி படித்தவர்கள் அறிவார்கள். எல்லாக் கோடுகளும் சரிந்து நிற்கும் இடத்தில் அச்சிறு சரிகோடு தன் வேறுபாட்டை இழந்துவிடுகிறது. அச்சுக்கலை முயன்று தெளிவாக்கிய ஒன்றை நாமே ஒரு பொத்தானால் மங்கச் செய்கிறோம்.

சாய்வு வடிவத்துடன் வரையப்பட்ட தமிழ் எழுத்துருக்கள் அறவே இல்லை என்று கூற முடியாது. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவுக்குச் சாய்வு வகை ஒன்று உண்டு. அத்தகைய எழுத்துரு கையில் இருப்பின், ஓரிரு சொற்களுக்கு அதைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. ஆனால் வாசகர் அதை என்ன பொருளில் எடுத்துக்கொள்வார் என்ற வினா அப்போதும் எஞ்சியிருக்கும்.

தமிழில் அதே வேலையைச் செய்யும் வழிகள்

முதலில் தலைப்புகள். நூல், இதழ், நாடகம், திரைப்படம் ஆகியவற்றின் பெயரை ஒற்றை மேற்கோட்குறிக்குள் இடுவதே தமிழுக்கு மிகவும் பொருந்தும் வழி. இது வெறும் அலங்காரம் அன்று. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லைப் பேரெழுத்து காட்டிக்கொடுக்கும். தமிழில் அந்த வசதி இல்லை. ‘தினகரன் கூறியது போல’ என்று ஒரு கட்டுரையில் எழுதினால், 1932 இல் லேக் ஹவுஸ் நிறுவனம் தொடங்கிய நாளிதழ் கூறியதா, தினகரன் என்ற பெயருடைய ஒருவர் கூறினாரா என்பது விளங்காது. அவ்வாறே ‘அன்னபூரணி அமெரிக்கா சென்றது’ என்றால் அஃறிணை முடிவு ஓரளவு காப்பாற்றும். ‘அன்னபூரணியின் பயணம்’ என்றால், 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பலின் பயணமா, ஒரு பெண்மணியின் பயணமா என்று வாசகர் திகைப்பார். மேற்கோட்குறி ஐயத்தை நீக்குகிறது. வேற்றுமை உருபு சேரும்போது அதைக் குறிக்கு வெளியே வைப்பது நன்று: ‘தினகரன்’ இதழில், ‘அன்னபூரணி’ கப்பலின் என்று இடையில் ஓர் இனச்சொல்லைச் சேர்த்துவிட்டால் பெயர் சிதையாமல் நிற்கும். இரட்டை மேற்கோட்குறியைப் பிறர் கூற்றுக்கென்றே ஒதுக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அழுத்தம். மொழிபெயர்ப்பாளர்கள் இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். ஆங்கில மூலத்தில் ஒரு சொல் சாய்ந்திருந்தால், தமிழிலும் அதற்கு நேரான சொல்லைத் தேடிச் சாய்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். தமிழில் அழுத்தத்துக்கு இலக்கணமே இடம் வைத்திருக்கிறது. தொல்காப்பியம் ஏகாரத்துக்குக் கூறும் ஐந்து பொருள்களில் தேற்றமும் பிரிநிலையும் இரண்டு; ஆங்கிலம் சாய்வால் செய்வதைத் தமிழ் ஓர் எழுத்தால் செய்துவிடுகிறது. ‘நான் கொடுத்தேன்’ என்ற வாக்கியத்தில் முதற் சொல் அழுந்த வேண்டுமாயின் ‘நானே கொடுத்தேன்’ அல்லது ‘நான்தான் கொடுத்தேன்’. செயலின் மறுப்பு அழுந்த வேண்டுமாயின் ‘நான் கொடுக்கவே இல்லை’. செய்தவர் யார் என்பது வெளிப்பட வேண்டுமாயின் ‘கொடுத்தது நான்’. சொல்லொழுங்கை மாற்றியும், இடைச்சொல்லைச் சேர்த்தும் பெற்ற அழுத்தம், எழுத்துரு மாறினாலும் கோப்பு மாறினாலும் வானொலியில் வாசித்தாலும் அழியாது. அறிவுறுத்தல்களிலும் எச்சரிக்கைகளிலும் கண்ணில் உடனே பட வேண்டிய சொல் இருந்தால், அதைத் தடித்த எழுத்தில் இடலாம். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று இடங்களுக்கு மேல் தடித்த எழுத்து வந்தால் எதுவுமே முக்கியமில்லை என்று தோன்றிவிடும்.

மேற்கோளுக்குள் அழுத்தம் சேர்ப்பது நேர்மையைச் சார்ந்த விடயம். பிறருடைய வரியில் ஒரு பகுதியை நாமாகத் தடிப்பாக்கினால், மேற்கோள் முடிந்தவுடன் பிறை அடைப்புக்குள் ‘அழுத்தம் எமது’ என்று குறிக்க வேண்டும். மூலத்திலேயே இருந்ததாயின் ‘அழுத்தம் மூலத்தில் உள்ளது’ என்று குறிக்கலாம்.

கலைச்சொல்லை முதன்முறை அறிமுகப்படுத்தும்போது ஆங்கில நூல்கள் சாய்க்கும். தமிழில் முதல் முறை தடித்த எழுத்திலோ ஒற்றை மேற்கோட்குறியிலோ இட்டு, அடுத்த முறையிலிருந்து சாதாரணமாக விட்டுவிடலாம். அடிக்குறிப்புகளில் ஆங்கிலத்தில் வரும் இலத்தீன் சுருக்கங்களுக்குப் பதிலாக ‘மேலது’, ‘மு.கு.நூல்’ (முன்னர்க் குறிப்பிட்ட நூல்) என்று எழுதும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் ஊன்றிவிட்டது. அவற்றுக்குச் சாய்வு தேவையில்லை. உசாத்துணைப் பட்டியலில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறையைக் கேட்கும் ஆய்விதழ்கள், நூலின் பெயரும் ஆய்விதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய வேண்டும், கட்டுரைத் தலைப்பும் அடைப்புக்குள் வரும் இதழ் எண்ணும் நேராக நிற்க வேண்டும் என்று கோருகின்றன. ஆங்கில உருப்படிகளுக்கு அதை அப்படியே பின்பற்றலாம். தமிழ் உருப்படிகளில் சாய வேண்டிய பகுதியைத் தடித்த எழுத்தாக மாற்றிக்கொள்ள இடமுண்டா என்று பதிப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது சிறந்தது. பெரும்பாலும் அவர்கள் விரும்புவது ஒருசீர்மையைத்தான்.

பிறமொழிச் சொற்களைப் பற்றி ஒரு கருத்து. ஆங்கிலத்தில் எழுதும் நம்மவர்கள் இடியப்பம், சம்பல், பொட்டு, தாலி போன்ற சொற்களை வரிதோறும் சாய்த்துவிடுகிறார்கள். வெள்ளவத்தையில் வெளியாகி வெள்ளவத்தையில் வாசிக்கப்படும் ஆங்கில மலரில் இடியப்பம் அந்நியப் பொருளாகக் காட்சி தர வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. வாசகருக்குப் பழக்கமான சொல் நேராகவே நிற்கட்டும். உண்மையிலேயே பழக்கமற்ற சொல்லை முதல் முறை மட்டும் சாய்த்தால் போதும். தமிழில் எழுதும்போது பிறமொழிச் சொல் தமிழ் எழுத்துக்குள் வந்துவிட்டது என்பதாலேயே அது வீட்டுக்குள் வந்துவிட்டது. பஸ், பைல், கொட்டு ரொட்டி எதற்கும் அடையாளம் வேண்டாம்.

நீண்ட பகுதியைத் தனித்துக் காட்ட வேண்டிய இடங்களில் சாய்வெழுத்தை எந்த மொழியிலும் பயன்படுத்தாதிருப்பது நல்லது. பழந்தமிழ்ப் பதிப்பாளர்கள் மூலச் செய்யுளைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் கோத்து வேறுபடுத்தினார்கள். இன்றும் அது எடுபடும். வாழ்த்துரை, நீண்ட மேற்கோள், கடிதம் ஆகியவற்றை இரு பக்கமும் ஓரம் தள்ளி, எழுத்தளவை ஒரு புள்ளி குறைத்துத் தரலாம். வாசிப்பில் இடர்ப்படுவோருக்கான பிரித்தானிய டிஸ்லெக்சியா சங்கத்தின் வழிகாட்டல், ஆங்கிலத்திலேயே சாய்வையும் அடிக்கோட்டையும் தவிர்த்துத் தடித்த எழுத்தைப் பரிந்துரைக்கிறது. முழுப் பக்கத்தையும் சாய்த்து வெளியிடும் அதிதிகளின் ஆசிச் செய்திகளை யாராவது இறுதிவரை வாசிக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

மும்மொழிப் பக்கமும் கணினி வேலையும்

ஒரே அறிவித்தல் மூன்று மொழியில் அமையும்போது, ஆங்கிலத்தில் சாய்ந்த பகுதிக்கு இணையாகத் தமிழிலும் சிங்களத்திலும் சாய்க்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பார். சிங்கள எழுத்தும் வட்ட வடிவினது. அதற்கும் இலத்தீன் எழுத்துக்குள்ளது போன்ற சாய்வு மரபு இல்லை. மூன்றுக்கும் தோற்றம் ஒன்றாக இருப்பதைக் காட்டிலும் செயல் ஒன்றாக இருப்பதே முக்கியம் என்று அவருக்கு விளக்க வேண்டும்: ஆங்கிலத்தில் நூற்பெயர் சாயட்டும், மற்ற இரண்டிலும் அது மேற்கோட்குறிக்குள் நிற்கட்டும். ஒரே தோற்றம் வேண்டியே தீரும் என்றால், மூன்றிலும் தடித்த எழுத்தைக் கையாளலாம்.

கணினியில் சொற்களை ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து பொத்தானை அழுத்துவதற்குப் பதிலாக, ‘நூற்பெயர்’, ‘அறிவியற் பெயர்’, ‘அழுத்தம்’ என்று எழுத்துப் பாணிகளை உருவாக்கி, உரியவற்றுக்கு அவற்றை ஏற்றிவிட வேண்டும். வேர்டிலும் இன்டிசைனிலும் இது இயலும். பதிப்பாசிரியர் இறுதி நேரத்தில் மனம் மாறினால், பாணியின் வரையறையை ஒரே இடத்தில் மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும். இணையப் பதிப்பாயின், ‘em’ என்னும் அழுத்தக் குறியீட்டுக்கு உலாவிகள் தாமாகவே சாய்வைக் கொடுத்துவிடும்; தமிழ்ப் பகுதிக்கு மட்டும் சாய்வை நீக்கித் தடிப்பைக் கொடுக்கும்படியும், உலாவி செயற்கையாக எழுத்தைச் சரிக்காதபடியும் பாணிக் கோப்பில் எழுதிவிட வேண்டும்.

ஒருங்குறி (யுனிகோட்) முறையில் அமையாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சான கட்டுரைகள் இன்னமும் வந்துகொண்டிருக்கின்றன. இணையத்திலுள்ள மாற்றிகளில் ஒட்டி ஒருங்குறிக்கு மாற்றும்போது தடிப்பு, சாய்வு எல்லாம் உதிர்ந்துபோகும். எனவே மாற்றுவதற்கு முன்னர் மூலக் கோப்பை அச்செடுத்து, வேறுபடுத்தப்பட்ட சொற்களை அதில் வண்ணப் பேனாவால் வட்டமிட்டுக்கொள்ள வேண்டும்; மாற்றிய பின் அந்த அச்சுப்படியைப் பார்த்தே பாணிகளை ஏற்ற வேண்டும். பாமினிக் கோப்பில் ஆங்கிலச் சொற்கள் இடையிடையே இருந்தால், மாற்றி அவற்றையும் தமிழாகக் கருதிச் சிதைத்துவிடும். அறிவியற் பெயர்களும் ஆங்கில நூற்பெயர்களும் முதலில் பலியாவது இங்கேதான். அவற்றைத் தனியாக எடுத்துவைத்து, மாற்றியபின் மீண்டும் சேர்ப்பது பாதுகாப்பானது.

ஒப்புநோக்கலின்போது சாய்வெழுத்துக்கென்றே ஒரு முறை பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பொருளை வாசித்துக்கொண்டே இதையும் கவனிக்க இயலாது. ஆங்கிலப் பெயர் சாய்ந்து முடிந்தபின் வரும் தமிழ் விகுதியும் சேர்ந்து சாய்ந்துள்ளதா, பெயருக்குப் பின்னுள்ள இடைவெளி சாய்வுக்குள் அகப்பட்டு அடுத்த சொல்லோடு நெருங்கியுள்ளதா, பிறை அடைப்பின் தொடக்கம் நேராகவும் முடிவு சாய்ந்தும் நிற்கிறதா என்பனவற்றைப் பார்க்க வேண்டும். உள்ளடக்கம் முழுவதும் சாய்ந்திருந்தால் மட்டுமே அடைப்பும் சாயலாம். அல்லாத இடங்களில் நேரடைப்பே சரி. சாய்வெழுத்தில் உள்ள ஆங்கிலத் தலைப்புக்குள் இன்னொரு நூலின் பெயர் வந்தால், அந்தப் பெயர் மட்டும் நேரெழுத்துக்குத் திரும்பும். அதைப் பிழையென நினைத்து யாரும் சாய்த்துவிடாதபடி, படியின் ஓரத்தில் ‘இருந்தபடியே இருக்கட்டும்’ என்று எழுதி அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.